பாதி நைந்த சீட்டு

என் வெல்டிங் பட்டறையில், கிரைண்டர் மேசைக்கு மேலே சுவரில் அடித்த ஓர் ஆணியில், வண்டியில் உட்காருகிற பழைய சீட்டு ஒன்று தொங்குகிறது. பலகைமேல் ஸ்பாஞ்சு வைத்துக் கறுப்பு ரெக்சின் போர்த்தித் தைத்தது. அதன் வலது பாதி நைந்து கிழிந்து, உள்ளேயிருக்கும் மஞ்சள் ஸ்பாஞ்சு வெளியே எட்டிப் பார்க்கும். இடது பாதி நேற்றுத்தான் கடையிலிருந்து வாங்கி வந்தது போலப் பளபளவென்று இருக்கும். பட்டறைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, எலி கடிச்சிருச்சா?" என்று கேட்பார்கள். நானும் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். கிரில் கேட்டுக்கு அளவு கொடுக்க வந்தவரை உட்கார வைத்துக் கதை சொன்னால் அவருக்கும் வேலை கெடும், எனக்கும் கெடும். ஆனால் போன வாரம் அந்த ஆணிக்குப் பக்கத்தில் இன்னோர் ஆணி அடிக்க வேண்டி வந்தது. அதனால் எழுதியாவது வைப்போம் என்று தோன்றியது.

அந்தச் சீட்டில் உட்கார்ந்தவர் என் அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு மச்சான். கூடலூரில் டிரிப் ஜீப் ஓட்டியவர். எங்கள் ஊர்க்காரர்களுக்கு டிரிப் ஜீப் என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். விடிவதற்குள் தெருத் தெருவாகப் போய், ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு, லோயர் கேம்ப் வழியாக மலையேறி, குமுளியைத் தாண்டிக் கேரளத் தோட்டங்களில் இறக்கிவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிற ஜீப். ஒன்பது பேர் உட்காரும் வண்டியில் பதினெட்டுப் பேர் போவார்கள். அது தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் வண்டியில் இடமில்லை என்று ஒருத்தியை விட்டுவிட்டுப் போனால் அவளுக்கு அன்றைய கூலி இல்லை. மச்சான் இருபத்திரண்டு வருஷத்தில் ஒருத்தியைக்கூட விட்டுவிட்டுப் போனதில்லை. வண்டியை எங்கேயும் உரசியதும் இல்லை. என் அக்காவும் கல்யாணத்துக்கு முன்னால் அந்த ஜீப்பில் தோட்ட வேலைக்குப் போனவள்தான். கல்யாணம் எப்படிக் கூடியது என்று நான் கேட்டதில்லை. ஊரில் எல்லாரும் சொல்லிவிட்டார்கள்.

மச்சானுக்குச் சர்க்கரை. திராட்சைத் தோட்டத்தில் இடது காலில் குத்திய முள்ளைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். முதலில் ஒரு விரல் போயிற்று, பிறகு பாதம், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எல்லாமே போய்விட்டது. செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு வந்த அன்று அதைத் தட்டிக் காட்டி, "ஸ்டெப்னி மாட்டியாச்சு மாப்ள" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ஸ்டெப்னியால் கிளட்ச் மிதிக்க முடியாது. ஜீப்பை விற்றார்கள். மிச்சம் இருந்தது அந்தத் தோட்டம் மட்டும்தான். ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சை, கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் போட்ட பந்தல். வாய்க்கால் கரை மண்பாதையில் ஒன்றரை மைல் போய், கல் நிறைந்த ஓர் ஓடையில் இறங்கி ஏறினால் வரும். அந்தப் பாதையில் ஆட்டோ வராது. இருசக்கர வண்டியில் அவரால் கால் ஊன்றி நிற்க முடியாது. அக்கா நடந்து போய் வேலை பார்ப்பாள். மச்சான் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து போனிலேயே விவசாயம் செய்வார். "மூணாவது வரிசையில கொடி எந்தப் பக்கம் ஓடுது? இலைய மடக்கிப் பாரு. அடியில வெள்ளையா இருக்கா?" அக்கா ஒரு கையில் போனும் ஒரு கையில் கத்தரியுமாக நின்று பதில் சொல்லிச் சொல்லிச் சலித்துப் போவாள். மனிதர் அந்த நாற்காலியிலேயே உலர்ந்து கொண்டிருந்தார். அதை எல்லாரும் பார்த்தோம். என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் என் பட்டறை மூலையில் ஒரு கோ-கார்ட் கிடந்தது. கூரையும் கதவும் இல்லாமல், தரையோடு தரையாக உட்கார்ந்து ஓட்டுகிற நாலு சக்கர வண்டி. அதிலும் இது தார் ரோட்டில் ஓடுகிற வகை இல்லை, சேற்றிலும் கல்லிலும் ஏறி இறங்குகிற தடித்த டயர் வகை. ஏதோ ஒரு கல்லூரியின் பையன்கள் போட்டிக்காகப் படம் வரைந்துகொண்டு வந்தார்கள். பைப்பை வளைத்துப் பற்றவைத்துக் கொடுத்தது நான். பழைய பைக் ஒன்றின் என்ஜினைப் பின்னால் வைத்தோம். போட்டியில் முதல் வளைவிலேயே செயின் அறுந்துவிட்டதாம். லாரியில் கொண்டுவந்து இறக்கி, "அண்ணே, அப்புறமா வந்து எடுத்துக்கிறோம்" என்று சொல்லிப் போனவர்கள்தான். பின்னால் நான் போன் செய்து கேட்டபோது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நான் அதன்மேல் ஜன்னல் கம்பிகளைச் சாய்த்து வைத்திருந்தேன். மச்சான் ஒரு நாள் ஸ்டெப்னியில் ஏதோ ஸ்க்ரூ ஆடுகிறதென்று பட்டறைக்கு வந்தவர், கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு அந்த வண்டியைச் சுற்றி வந்தார்.

"ஏலே மாப்ள, இது ஓடுமா?"

ஓடாது என்று சொன்னேன். செயின் இல்லை, கார்புரேட்டரில் குளவி கூடு கட்டியிருக்கிறது, பின் பிரேக் கிடையாது என்று இல்லாததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப ஓட வச்சிரலாம்ங்கிற" என்றார். ஒரு வாரம் தட்டிக் கழித்தேன். தினமும் ஆட்டோ பிடித்து வந்து பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். வாசலில் மச்சானை வைத்துக்கொண்டு எவ்வளவு நாள் வேலை செய்ய முடியும்? எட்டாம் நாள் குளவிக் கூட்டை இடித்தேன்.

கியர் இல்லாத ஸ்கூட்டர் என்ஜின் ஒன்றை மாற்றி வைத்துவிடலாம், ஒரு காலே போதும் என்றுதான் நான் முதலில் சொன்னேன். மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "கியர் இல்லாம ஓட்டுறதுக்கு நான் தொட்டில்லயே படுத்துக்கிறேன்" என்றார். அதனால் காலால் போடுகிற கியரைக் கைக்குக் கொண்டுவந்தேன். இடது பக்கம் ஒரு தண்டு வைத்து, அதன் தலையிலேயே சைக்கிள் பிரேக் மாதிரி கிளட்ச் பிடியையும் பொருத்தினேன். ஆக்சிலேட்டரும் பிரேக்கும் வலது காலுக்கு. செயினுக்கு மேலே தகர மூடி. ரிவர்ஸ் மட்டும் வைக்க முடியவில்லை. அதைச் சொன்னதும், "பரவாயில்ல, நம்ம என்னைக்குப் பின்னால போயிருக்கோம்" என்றார். பையன்கள் வைத்த சீட்டு தொட்டி மாதிரி குழிந்து, இரண்டு பக்கமும் இடுப்பைக் கவ்விப் பிடிக்கும். அதற்குள் ஸ்டெப்னியை மடக்கி இறங்குவது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. "ஜீப்புல இருக்கிற மாதிரி தட்டையா, அகலமா ஒண்ணு போடு மாப்ள. வெரசா ஏறி வெரசா எறங்கணும்" என்று கேட்டார். போட்டேன். ஒன்றரை ஆள் உட்காரலாம். அந்தச் சீட்டுதான் இது. அதைப் பொருத்தியபோது பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அக்காவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "இருக்கிற காலையும் எடுத்துட்டு வந்து என் கையில குடுக்கப் போறியா?" என்று என்னிடம் கேட்டாள். அந்த வண்டியைக் கண்ணால் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னபடியே பட்டறைப் பக்கம் வரவும் இல்லை. இருந்தாலும் வண்டி ஓடப் போகிற அன்று காலையில் நாலு எலுமிச்சம்பழத்தை மச்சானிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். சூடம் ஏற்றி, நாலு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொரு பழம் வைத்தேன். மச்சான் ஏறி உட்கார்ந்து, கிளட்சைப் பிடித்து, கியர் போட்டு வண்டியை நகர்த்தினார். வலது பக்கத்துப் பழம் இரண்டும் கூழாகிவிட்டன. இடது முன்சக்கரத்துப் பழம் நசுங்கியது. இடது பின்சக்கரத்துப் பழம் மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் பக்கவாட்டில் உருண்டு போய்ச் சாக்கடை ஓரம் நின்றது. எதிர் டீக்கடைக்காரர், "சகுனம் சரியில்லயே" என்று முணுமுணுத்தார். நான் சிரித்தேன். இரும்பில் வேலை செய்கிறவன் எலுமிச்சம்பழத்துக்குப் பயப்படுவானா என்று கேட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வண்டி வலது பக்கம் இழுத்தது. பட்டறையின் பின்கதவைத் திறந்தால் வாய்க்கால் பாதை. நம்பர் பிளேட் இல்லாத வண்டியை மெயின் ரோட்டில் ஏற்றக் கூடாது என்பதால் எல்லா ஓட்டமும் அந்தப் பாதையில்தான். மச்சான் நூறு கஜம் போவார். வண்டி வலது கரையைத் தேடிப் போகும். அவர் ஸ்டியரிங்கை இழுத்துப் பிடித்துப் பிடித்துத் தோள் வலிக்கிறது என்பார். நான் நூல் கட்டி நாலு சக்கரத்துக்கும் அலைன்மெண்ட் பார்த்தேன். டயர்களை இடம் மாற்றினேன். காற்றைக் கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன். முன் ஆக்சிலை அறுத்து ஒரு நூலளவு நகர்த்தி மறுபடியும் பற்றவைத்தேன். ஒவ்வொரு தடவையும் நானே ஓட்டிச் சோதித்தேன். நான் ஓட்டினால் வண்டி கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. அவர் உட்கார்ந்தால் வலது பக்கம். இப்படியே மூன்று வாரம் போனது. எனக்குக் கைவேலையில் கொஞ்சம் கர்வம் உண்டு. நான் பற்றவைத்த கேட் கோணியது என்று இந்தப் பக்கத்தில் யாரும் சொன்னதில்லை. ஒரு நாள் எரிச்சலில், "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம் மச்சான்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, ஆட்டோவுக்குக் காத்திருக்காமல் நடந்தே போனார். ஸ்டெப்னியை இழுத்து இழுத்து அவர் அந்தத் தெருவைக் கடந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபத்திரண்டு வருஷம் மலையில் கீறல் படாமல் ஓட்டியவரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

மறுநாள் அவரே வந்தார், ஒன்றும் நடக்காத மாதிரி. ஆனால் அன்றிலிருந்து வண்டி இழுக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா தோட்டத்துக்குப் போகாத நேரமாகப் பார்த்து, பட்டறையிலிருந்தே வண்டியை எடுத்துத் தோட்டத்துப் பாதையில் ஓட்டத் தொடங்கினார். இரண்டாம் நாளே ஓடை இறக்கத்தில் வண்டி வலது பக்கம் சாய்ந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தூக்கிவிட்டார், அடி ஒன்றும் இல்லை. அதை அக்காவுக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டார்கள். அடுத்த வாரம் அதே இடத்தில் முழுசாகக் கவிழ்ந்துவிட்டது. மேலே நான் வளைத்து வைத்த பைப் கூடு இருந்ததால் தலை தப்பியது. ஆனால் வலது முழங்கால் கல்லில் தேய்ந்து தோல் உரிந்துவிட்டது. சர்க்கரை உடம்பில், இருக்கிற ஒரே காலில் காயம். அக்கா நாற்பது நாள் அந்தக் காயத்தைக் கழுவிக் கட்டினாள். தினமும் காலையில் கட்டைப் பிரிக்கும்போது அவள் முதலில் மோந்து பார்ப்பாள், வாடை வருகிறதா என்று. நான் பற்றவைத்த வண்டி அது.

காயம் ஆறியது. ஆறியதும் அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். வண்டி பழைய இரும்புக்குப் போக வேண்டும். நானும் சரி என்றேன். அக்கா உள்ளே போனபிறகு மச்சான் என்னிடம் மட்டும் சொன்னார். "கவாத்து வெட்டி இருவது நாளாச்சு மாப்ள. துளிர் வந்திருக்கும். கொடி எப்பிடி நிக்கிதுன்னு நான் பாக்கவே இல்ல." கெஞ்சலாக இல்லை. மழை வரவில்லை என்று சொல்வது போலச் சொன்னார்.

வண்டி என் பட்டறையில்தான் கிடந்தது. பழைய இரும்புக்காரர் தள்ளுவண்டியில் தராசும் படிக்கல்லும் வைத்துக்கொண்டு வந்தார். தராசை என் உத்தரத்தில் தொங்கவிட்டார். அவர் சரியாக நிறுக்கிறாரா என்று பார்க்க அக்காவே வந்திருந்தாள். அன்றைக்குத்தான் அவள் அந்த வண்டியை முதன்முதலாகப் பார்த்தாள். பின்னாலேயே மச்சானும் ஆட்டோவில் வந்து இறங்கினார். அறுப்பதற்கு முன்னால் ஒரு தடவை உட்கார்ந்துகொள்கிறேன் என்றார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் ஏறி, ஸ்டெப்னியை எடுத்து வைத்து, பழக்கத்தில் என்ஜினையும் கிளப்பிவிட்டார். சத்தம் கேட்டுத் திரும்பிய அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்.

"யாருக்கு இடம் விட்டுக்கிட்டு உக்காந்திருக்கீக?"

எங்களுக்குப் புரியவில்லை. அவள் நேரே வண்டிக்குப் போய், சீட்டின் இடது பாதியில் உள்ளங்கையை விரித்து வைத்தாள். அங்கே ஓர் ஆள் உட்கார இடம் காலியாக இருந்தது. மச்சான் சீட்டின் வலது ஓரத்தில் ஒற்றைத் தொடையை மட்டும் வைத்து, தோள் பைப்புக்கு வெளியே போக, பாதி உடம்பைக் காற்றில் விட்டு உட்கார்ந்திருந்தார். "இங்கன யாரு ஏறப் போறா? எறக்கி விட்டு எம்புட்டு நாளாச்சு?" என்று அக்கா கேட்டாள். மச்சான் குனிந்து தன்னைத் தானே பார்த்தார். தான் அப்படி உட்கார்ந்திருப்பது அந்த நிமிஷம் வரை அவருக்கே தெரியாது.

டிரிப் ஜீப்பில் முன்சீட்டில் டிரைவரோடு நாலு பேர். கியர் கம்பிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் இரண்டு பேர், மடியில் தூக்குவாளிகள். ஸ்டியரிங் பிடிக்கிறவருக்குச் சீட்டில் கால்வாசிதான் மிஞ்சும். மீதி உடம்பு வெளியே. எங்கள் ஊர் டிரைவர்கள் எல்லாரும் அப்படித்தான் மலையேறுகிறார்கள். இன்றைக்கும் விடிகாலையில் ரோட்டோரம் நின்றால் பார்க்கலாம். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். பார்த்துப் பார்த்தே அது கண்ணில் படாமல் போய்விட்டது. அக்கா அந்தக் கியர் கம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனவள். அவளுக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. எனக்கோ நூல் கட்டி அளந்தும் தெரியவில்லை, ஏனென்றால் நான் அளந்ததெல்லாம் இரும்பைத்தான். எடை முழுக்க வலது பக்கம் விழுந்தால் வலது டயர் அமுங்கும். பின்சக்கரம் இரண்டும் ஒரே தண்டில் இறுக்கியவை. அமுங்கிய பக்கத்துக்குத்தான் வண்டி போகும். ஓடைச் சரிவில் கவிழத்தான் செய்யும். அந்த நாலாவது எலுமிச்சம்பழம் இதைத்தான் முதல் நாளே சொன்னது. நான் கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுததைச் சொன்னால் இன்றைக்கும் இல்லை என்பாள். நான் மச்சானிடம், "நான் அன்னைக்குச் சொன்னது தப்பு மச்சான்" என்றேன். அவர் கையை ஆட்டி, "மதி, மதி" என்றார். மலையாளத்தில் போதும் என்பதற்கு அப்படிச் சொல்வார்கள். தோட்டத்து ஆட்களிடம் பழகிய வார்த்தை. அவர் சங்கடப்பட்டால் மட்டும் வாயில் வரும்.

நேராக உட்காருங்கள் என்றோம். உட்கார்ந்தார். வண்டி நகர்ந்ததும் உடம்பு தானாக வலது பக்கம் ஒதுங்கியது. வலது பக்கம் ஒரு பைப் வைத்துப் பார்த்தேன். அதன்மேல் ஏறிச் சாய்ந்துகொண்டார். பெல்ட் போட்டுக் கட்டினேன். மூச்சு முட்டுகிறது என்றார். தொட்டில் பழக்கம் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். பழமொழி சொல்லி ஒரு தடவை பட்டது போதும். மனிதரை நிமிர்த்த முடியவில்லை என்றால் வண்டியைத்தான் அவருக்குத் தகுந்த மாதிரி மாற்ற வேண்டும். பேட்டரியையும் பெட்ரோல் டேங்கையும் இடது பக்கம் கொண்டுபோனேன். அப்போதும் போதவில்லை. எவ்வளவு எடை வேண்டும் என்று யோசித்தபோது, இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பழைய இரும்புக்காரர் தன் படிக்கற்களைக் கொண்டுவந்து இடது பைப்பின்மேல் வைத்தார். முதலில் இருபது கிலோ. பிறகு ஐந்து. பிறகு இரண்டு. ஒவ்வொரு கல் வைத்ததும் மச்சான் ஒரு தடவை பாதையில் போய் வந்தார். இருபத்தேழு கிலோவில் வண்டி நேராகப் போனது. அதே எடைக்குத் தடித்த இரும்புத் தகட்டை அறுத்துச் சீட்டின் இடது பக்கத்துக்குக் கீழே போல்ட் போட்டு முறுக்கினேன். "இரும்பு எடுக்க வந்தேன், எடை போட்டுக் குடுத்துட்டுப் போறேன்" என்று இரும்புக்காரர் தராசைக் கழற்றினார். அக்கா எதிர்க் கடையில் நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வந்து, என்னை நம்பாமல் தானே குனிந்து சக்கரங்களுக்கு முன்னால் வைத்தாள். நாலும் நசுங்கின.

அந்த வண்டியில் மச்சான் ஆறு வருஷம் தோட்டத்துக்குப் போய்வந்தார். காலையில் போனால் மத்தியானம் சாப்பாட்டுக்குத்தான் வருவார். கவாத்து, மருந்து, குலை கிள்ளுவது, வெட்டு எல்லாம் கண்முன்னால் நடந்தது. அக்கா போனை வீட்டில் போட்டுவிட்டு நிம்மதியாக வேலை பார்த்தாள். தோட்டத்தில் சண்டையும் நேரிலேயே நடந்தது. வண்டி என்னைச் சும்மா விடவில்லை. மழைக்காலத்தில் சேறு புகுந்து செயின் கழன்றுவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை பின் ஆக்சில் பேரிங் அரைத்துக்கொண்டு வரும். கியர் தண்டு இரண்டு தடவை ஒடிந்தது. ஒவ்வொரு தடவையும் திட்டிக்கொண்டேதான் சரிசெய்தேன். ஆனால் வண்டி மறுபடி கவிழவில்லை. பாதையில் யாராவது சுமையோடு நடந்து போனால் மச்சான் நிறுத்திவிடுவார். அந்த இடது பாதியைக் கையால் தட்டி, "ஏறு ஆத்தா" என்பார். தகடு இருக்கிறது, ஆள் ஏறினால் இடது பக்கம் இழுக்கும் என்று நான் கத்தியிருக்கிறேன். அதற்காக விட்டுவிட்டுப் போக முடியுமா என்று கேட்பார். பெரும்பாலும் யாரும் ஏற மாட்டார்கள், அந்த வண்டியைக் கண்டால் பயம். அதனால்தான் இடது பாதி இன்னும் புதுசாக இருக்கிறது.

மச்சான் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இறந்துபோனார். மாரடைப்பு. சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கடைசிவரை வலது கால் இருந்தது. அக்கா அதைத் துஷ்டி கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். வண்டி தார்ப்பாய் போர்த்தி வீட்டுப் பின்னால் நின்றது. அக்கா மகன் ஓசூரில் வேலையில் இருக்கிறான். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அம்மாவைக் கூட்டிப் போவதாகச் சொன்னான். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் பட்டறையின் பின்கதவுப் பக்கம் அந்த என்ஜின் சத்தம் கேட்டது. பற்றவைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் அக்கா. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு, வண்டியில் நடுவாக, நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எப்போது கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். "ஆறு வருசம் பக்கத்துல நின்னு பாத்தேன்ல" என்றாள். சீட்டு கிழிந்து குத்துகிறது, புதுசாகத் தைத்துக் கொடு என்றாள். கூடவே ஒரு புகாரும் சொன்னாள். வண்டி இடது பக்கம் இழுக்கிறதாம். வாய்க்காலுக்குள் இறங்கப் பார்க்கிறதாம்.

இழுக்காமல் என்ன செய்யும்? மச்சான் இல்லை, அவருக்கு ஈடாக வைத்த இருபத்தேழு கிலோ அப்படியே இருக்கிறது. "நாலு போல்ட்டுதேன் அக்கா. தகட்டைக் கழட்டிட்டா நேராப் போயிரும்" என்று சொல்லி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தேன். அக்கா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"கழட்டாதலே. கிடக்கட்டும். நான் ஒதுங்கி உக்காந்துக்கிறேன்."

சொல்லிவிட்டு வலது ஓரத்துக்கு நகர்ந்தாள். ஒற்றைத் தொடையை மட்டும் சீட்டில் வைத்து, தோளை வெளியே விட்டு, ஒரு சுற்றுப் போய்வந்தாள். வண்டி நேராகப் போனது. நான் ஸ்பேனரைப் பெட்டியில் போட்டுவிட்டுப் பழைய சீட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். புதுச் சீட்டுத் தைத்துப் பொருத்திக் கொடுத்தேன். மகனிடம் ஓசூருக்கு வரவில்லை என்று அன்று சாயங்காலமே போனில் சொல்லிவிட்டாள்.

விடிகாலையில் ஜீப்புகள் இப்போதும் மலையேறிப் போகின்றன. டிரைவர்கள் இப்போதும் பாதி உடம்பை வெளியே விட்டுத்தான் போகிறார்கள். அதில் எத்தனை பேர் வீட்டு நாற்காலியிலும் அப்படி உட்காருகிறார்களோ என்று நான் இப்போதெல்லாம் கவனித்துப் பார்க்கிறேன். போன வாரம் அக்கா திராட்சை வெட்டு முடிந்து வந்தாள். ஒரு பை பழமும் கொண்டுவந்திருந்தாள். சீட்டு மறுபடியும் போய்விட்டது, வேறு மாற்று என்றாள். கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வலது பாதி நைந்து ஸ்பாஞ்சு வெளியே வந்திருந்தது. இடது பாதியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அக்காவும் பார்த்தாள். பையிலிருந்து ஒரு குலையை எடுத்து என் கையில் கொடுத்தாள். நான் இன்னோர் ஆணி அடித்து, இந்தச் சீட்டை அந்தச் சீட்டுக்குப் பக்கத்தில் மாட்டினேன்.